கொழுப்பெடுத்தவள்

எனக்குக் கொழுப்பு அதிகம்னு மொதல்ல கண்டுபிடிச்சது டாக்டர் இல்ல, என் மாமியார். கல்யாணமாகி வந்த மறுநாள் காலையில அவங்க குடுத்த கோப்பி ஆறிப்போச்சுன்னு சொன்னேன். "வந்த மறுநாளே கொழுப்பைப் பாரு"ன்னாங்க. அன்னையிலிருந்து அந்த வார்த்தை இல்லாம எங்க வீட்டுல ஒரு பொழுது போனதில்ல. நான் பதில் பேசினா கொழுப்பு. பதில் பேசாம ரூமுக்குள்ள போனா அது இன்னும் பெரிய கொழுப்பு.

என் பேரு லோகேஸ்வரி. வயசு முப்பத்து மூணு. கிள்ளான்ல ஒரு டிரைவிங் ஸ்கூல்ல கார் ஓட்டச் சொல்லிக் குடுக்கிறேன். பக்கத்து சீட்டுல உக்காந்துக்கிட்டு, கிளட்சை விடு, கண்ணாடியைப் பாரு, எதுக்க லோரி வருது உனக்குக் கண்ணு தெரியலயான்னு நாள் பூரா கத்தறதுதான் வேலை. இந்தத் தொண்டையை வீட்டு வாசல்ல செருப்போட கழட்டி விட்டுட்டு வர முடியுமா, நீங்களே சொல்லுங்க.

என் மாமியார் புஷ்பவல்லிக்கும் தொண்டை சின்னது இல்ல. காலையில எங்க தாமான் குடியிருப்பு முனையில இடியாப்பம் விக்கிறாங்க. "இடியாப்பம்"னு அவங்க ஒரு சத்தம் விட்டா ரெண்டு தெரு தள்ளி இருக்கிறவன் பல்லு விளக்காம ஓடி வருவான். என் வீட்டுக்காரர் சுகுமாறன் போர்ட் கிள்ளான் துறைமுகத்துல கன்டெய்னர் கணக்கு பாக்கிறாரு. தங்கமான மனுஷன், ஆனா கண்ணுக்குள்ள ஒரு தண்ணி டேங்க் வச்சிருக்காரு. தீபாவளி விளம்பரத்துக்கு அழுவாரு. என்கிட்ட படிச்ச பொண்ணு லைசென்ஸ் டெஸ்ட்ல பாஸ் ஆயிட்டேன்னு போன் பண்ணினா, பக்கத்துல நின்னு இவரு அழுவாரு. நான் கத்துவேன், அத்தை கத்துவாங்க, நடுவுல சுகு அழுவாரு. சந்தோஷமான குடும்பம்தான்.

குறைன்னா ஒண்ணே ஒண்ணு. ஆறு வருஷமா குழந்தை இல்ல. எனக்கு ஒரு பிள்ளை வேணும். மத்த எல்லாத்தையும் ஊருக்கே கேக்கிற மாதிரி சொல்ற நான், இதை மட்டும் யார்கிட்டயும் சத்தமாச் சொன்னதில்ல. சொன்னா அழுதிருவேன்னு பயம். வீட்டுல அழறதுக்குன்னு ஏற்கெனவே ஒரு ஆள் இருக்காரு.

போன வருஷக் கடைசியில அடிவயிறு கனக்க ஆரம்பிச்சுது. சீட் பெல்ட் போட்டா உள்ள எதுவோ இடிச்சுது. ஒரு கிளினிக்குக்குப் போய் ஸ்கேன் எடுத்தோம். அந்த டாக்டர் திரையை உத்துப் பாத்துட்டு, கர்ப்பப்பையில கட்டி இருக்கு, பாக்க ஒரு தினுசா இருக்கு, கர்ப்பப்பையையே எடுத்துட்டா நிம்மதின்னாரு.

"யாருக்கு டாக்டர் நிம்மதி?"ன்னு கேட்டேன். அவரு சுகுவைப் பாத்தாரு. சுகு அழுதுட்டு இருந்தாரு. நான் ஸ்கேன் படத்தைப் புடுங்கிட்டு வெளிய வந்துட்டேன்.

அதுக்கப்புறம்தான் பிரிக்பீல்ட்ஸ்ல டாக்டர் நிலோபரைப் போய்ப் பாத்தோம். நல்லாத் தமிழ் பேசுவாங்க, அவசரமே படமாட்டாங்க. எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னாங்க. ரிசல்ட் வந்ததும் என்னை எதுக்க உக்கார வச்சு, நிதானமா ஆரம்பிச்சாங்க.

"லோகேஸ்வரி, பயப்படாதீங்க. பாத்த வரைக்கும் கெட்ட கட்டி மாதிரித் தெரியல. தசையும் கொழுப்பும் கலந்து வளர்ற ஒரு வகை. ரொம்ப அபூர்வம். வந்தாலும் ஐம்பது தாண்டினவங்களுக்குத்தான் பெரும்பாலும் வரும். உங்க வயசுல ஒருத்தருக்கு நான் பாக்கிறது இதுதான் முதல் தடவை."

"என்ன டாக்டர் சொன்னீங்க? கொழுப்பா?"

"ஆமா, கொழுப்பு. கர்ப்பப்பைச் சுவர்ல, ஒரு கொய்யாப்பழம் அளவுக்கு இருக்கு."

நான் சிரிக்க ஆரம்பிச்சேன். நிறுத்தவே முடியல. சுகு ஒரு பக்கம் அழறாரு, நான் ஒரு பக்கம் வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறேன். டாக்டர் ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்தாங்க. "டாக்டர், இதை எங்க மாமியார்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. ஆறு வருஷமா அவங்க சொன்னதுக்கு இப்பத்தான் ஸ்கேன் எடுத்திருக்கோம்"னேன். அப்பத்தான் அவங்களுக்குப் புரிஞ்சு, அவங்களும் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க.

சிரிப்பு அடங்கினதும் விஷயத்துக்கு வந்தாங்க. வயித்தைக் கிழிக்க வேணாம். நாலு சின்ன ஓட்டை போட்டு, ஒண்ணுல கேமரா விட்டு, மத்ததுல கருவி விட்டு, கட்டியை மட்டும் எடுத்துட்டுக் கர்ப்பப்பையைத் தைச்சிடலாம். சீக்கிரமே எழுந்து நடக்கலாம். ஆனா ஒண்ணு. ரத்தம் நிக்கலன்னாலோ, உள்ள பாக்கும்போது கட்டி வேற மாதிரித் தெரிஞ்சாலோ, கர்ப்பப்பையையும் எடுத்துத்தான் ஆகணும். அதுக்கும் நான் முன்கூட்டியே சம்மதிக்கணும். மயக்கத்துல இருக்கிறப்ப என்னை எழுப்பிக் கேக்க முடியாதுல்ல.

சம்மதிச்சேன். வேற வழி? அப்புறம் அவங்க, கட்டியை எப்படி வெளிய எடுப்போம்னு படம் வரைய ஆரம்பிச்சாங்க. நான் கையை நீட்டித் தடுத்துட்டேன். "போதும் டாக்டர். நான் கார் ஓட்டச் சொல்லிக் குடுக்கும்போது இன்ஜினைப் பிரிச்சுக் காட்டறதில்ல. எடுத்து முடிச்சிட்டுச் சொல்லுங்க." அந்தப் படத்தை அன்னைக்கு ஒழுங்காப் பாத்திருந்தா பின்னாடி பட்ட பாடு மிச்சமாகியிருக்கும்.

வீட்டுக்கு வந்து அத்தைகிட்ட சொன்னேன். கொழுப்புக் கட்டின்னு சொன்னதும், நான் அன்னைக்கே சொன்னேன் பாத்தியான்னு கையைத் தட்டுவாங்கன்னுதான் எதிர்பாத்தேன். பதிலுக்கு என்ன சொல்லணும்னுகூட டிரெயின்லயே யோசிச்சு வச்சிட்டேன். ஆனா அவங்க முகம் வெளுத்துப் போச்சு. அப்படியே சோபாவுல உக்காந்துட்டாங்க.

"என் வாய்தான்டி லோகேஸ். எனக்குக் கரிநாக்கு."

"அத்தை, அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"உனக்கு என்ன தெரியும்? கார்த்திகேசு வீட்டு மாமரம் காய்க்காதுன்னு ஒரு வார்த்தைதான் சொன்னேன். பட்டுப் போச்சு. உன்னை ஆறு வருஷமா தினமும் சொல்லிட்டு வந்திருக்கேனே. அது போய் உன் வயித்துலயே உக்காந்துக்கிச்சு."

"நாசமாப் போன்னும்தான் தினமும் சொன்னீங்க. நான் நல்லாத்தானே இருக்கேன்?"

அவங்க சிரிக்கல. மறுநாள் விடிஞ்சதும் மாரியம்மன் கோவிலுக்குப் போனாங்க. நான் முழுசா வீடு திரும்பற வரைக்கும் வாயைத் திறக்கறதில்லன்னு நேர்ந்துக்கிட்டாங்களாம். கூடப் போன சுகு வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். முழுசான்னா என்ன அர்த்தம்னு சுகுவும் சொல்லல, நானும் கேக்கல. எங்க மூணு பேருக்கும் அது தெரியும்.

அதுக்கப்புறம் வீடு ஆபீஸ் மாதிரி ஆயிடுச்சு. தாமான் முனையில இடியாப்பம் சத்தமில்லாம வித்துச்சு. புஷ்பவல்லி அக்காவுக்கு வாதம் வந்து வாய் கோணிப் போச்சுன்னு யாரோ கெளப்பிவிட, ஜனங்க பழம் வாங்கிட்டுப் பாக்க வந்துட்டாங்க. அத்தை எல்லாருக்கும் வாயைக் காட்டி, கோணலன்னு கையாலயே நிரூபிச்சு அனுப்பினாங்க. போன்ல எழுதிக் காட்டுங்களேன்னு சொன்னேன். எழுத்தும் வாய்தான்ங்கிற மாதிரி தலையை ஆட்டிட்டாங்க.

நான் வேணும்னே கொழம்புல உப்பை அள்ளிப் போட்டேன். பேசாமச் சாப்பிட்டாங்க. துணியைக் காயப்போடாம வாளியிலயே விட்டேன். அவங்களே எடுத்துக் காயப்போட்டாங்க. கோப்பி சுடச்சுட வந்துச்சு. எனக்குத் தாங்கல. ஒருநாள் அடுப்படியில போய், "அத்தை, ஒரே ஒரு தடவை திட்டுங்களேன், பாரமா இருக்கு"ன்னு கேட்டேன். அவங்க என் தலையைத் தடவிட்டுப் போயிட்டாங்க. எங்க வீட்டுல அன்பு அப்படி வர்றது வழக்கமே இல்ல. அப்பத்தான் எனக்கு நெஜமாவே பயம் வந்துச்சு.

ஆபரேஷன் அன்னைக்கு நாங்க கொமுட்டர் டிரெயின்லதான் போனோம். சுகு காரை ஓட்டினா நான் பக்கத்துல உக்காந்து கத்துவேன், பிரஷர் ஏறிடும், டாக்டர் ஆபரேஷன் பண்ணமாட்டாங்கன்னு அவரே முடிவு பண்ணிட்டாரு. அதுவும் சரிதான். கிள்ளான்ல ஏறினதுலேர்ந்து கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷன்ல இறங்கற வரைக்கும் அத்தை என் கையை விடல. இடியாப்பம் புழிஞ்சு காய்ச்சுப்போன கை. சொரசொரன்னு இருந்துச்சு, ஆனா விட மனசு வரல.

ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல அத்தை என் நெத்தியில விபூதி வச்சாங்க. உதடு லேசா அசைஞ்சுது. சத்தம் வரல.

கண்ணு முழிச்சப்ப எனக்கு வலிச்சது தோள்பட்டை. வயித்துல ஆபரேஷன், தோள்ல வலி. பக்கத்துல ஒரு மலாய் நர்ஸ் நின்னாங்க. கர்ப்பப்பை இருக்கா இல்லையான்னு கேக்கணும். வாய் வரைக்கும் வந்துச்சு. பயத்துல தோளைப் பத்தி மட்டும் கேட்டேன். வயித்தை உப்ப வைக்கிறதுக்கு வாயு அடிப்பாங்களாம், அது மேல ஏறித் தோள்ல குத்துமாம், போகப் போகச் சரியாயிடுமாம். சரி சரின்னு தலையாட்டினேன். எனக்கு வேண்டிய பதில் அது இல்லயே.

வார்டுக்குக் கொண்டு வந்து படுக்க வச்சாங்க. அத்தை கால்மாட்டுல நின்னாங்க. சுகு உள்ள வந்தாரு. அழுதுட்டு வந்தாரு. இந்த மனுஷன் அழறதை வச்சு உலகத்துல எதையும் கண்டுபிடிக்க முடியாது. நல்லதுக்கும் அதே தண்ணிதான், கெட்டதுக்கும் அதே தண்ணிதான்.

"சுகு, இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"டாக்டரைப் பாக்க முடியல லோகேஸ். அவசரமா ஒரு பிரசவ கேஸுன்னு பக்கத்துத் தியேட்டருக்கு ஓடிட்டாங்களாம். இங்க ஒரு தமிழ் நர்ஸ், சந்திரகலான்னு பேரு, அவங்கதான் போற போக்குல சொன்னாங்க." மூக்கைத் துடைச்சாரு. "கட்டியைப் பையோட எடுத்தாச்சாம்."

நான் கத்தல. கத்தறதுக்குத் தொண்டையைத் தேடினேன், கிடைக்கல. பையோட எடுத்தாச்சு. சம்மதம் குடுத்தவ நான்தான், டாக்டரைக் குத்தம் சொல்ல முடியாது. உயிரோட இருக்கேன், அது போதும்னு யாராச்சும் இப்ப வந்து சொல்லப் போறாங்க, அவங்களை என்ன பண்றதுன்னு யோசிச்சேன். ஒரு பிள்ளைக்குப் பேரு யோசிச்சு வச்சிருந்தேன், சுகுகிட்டகூடச் சொல்லாம. அந்தப் பேரு அந்த நேரம் பாத்து மனசுல வந்து நின்னுச்சு. அப்பத்தான் அழுதேன். ஆறு வருஷத்துல சுகுவும் நானும் சேர்ந்து அழுதது அதுதான் முதல் தடவை. கையைப் புடிச்சுக்கிட்டு ரெண்டு பேரும் சத்தமில்லாம அழுதோம்.

அத்தை என்னைப் பாத்தாங்க. சுகுவைப் பாத்தாங்க. கிட்ட வந்து, போர்வைக்கு மேல, என் வயித்துல வலிக்காத மாதிரி உள்ளங்கையை ஒரு நிமிஷம் வச்சாங்க. அப்புறம் புடவையை இழுத்துச் செருகிக்கிட்டு வெளிய போனாங்க.

வெளிய நடந்ததை சந்திரகலா அப்புறம் எனக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. அத்தை நேரா கவுன்ட்டருக்குப் போயிருக்காங்க. என் ரூமைக் காட்டி, வயித்தைக் காட்டி, ரெண்டு கையாலயும் காத்துல ஒரு பையை வரைஞ்சு, எங்கன்னு கையை விரிச்சிருக்காங்க. சந்திரகலா உடனே ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துக் குடுத்திருக்காங்க. அத்தை தலையை ஆட்டிட்டு, திரும்பவும் வயித்தைக் காட்டிப் பையை வரைஞ்சிருக்காங்க. ஓ, பெருசு வேணும் போலன்னு இன்னும் பெரிய பையைக் குடுத்திருக்காங்க. அத்தை ரெண்டையும் கையில வச்சுக்கிட்டு நெஞ்சுல அடிச்சுக்க, ஆன்டிக்கு வாந்தி வருது போலன்னு ஒரு நாற்காலியைத் தள்ளிட்டு வந்து, உக்காருங்க ஆன்டி, இதுல எடுங்கன்னு சொல்லியிருக்காங்க.

அப்பத்தான் எனக்குக் கேட்டுச்சு. கதவு சாத்தியிருந்தும் கேட்டுச்சு. மூணாவது மாடியில இருந்து கீழ ரோட்டுல பூ விக்கிறவங்களுக்கும் கேட்டிருக்கும்.

"எந்தப் பையைடி எடுத்தீங்க? என் மருமக பை எங்க? டாக்டரைக் கூப்பிடு."

சுகு எழுந்து நின்னுட்டாரு. "அம்மா பேசிட்டாங்க"ன்னாரு. எனக்கு அந்தத் துக்கத்துலயும் ஒரு நொடி உடம்பு சிலிர்த்துச்சு. எத்தனை நாளாச்சு அந்தச் சத்தத்தைக் கேட்டு. என் பைக்காக அவங்க விரதத்தை விட்டுட்டாங்களேன்னு நெனச்சு இன்னும் அழுதேன்.

சந்திரகலா என்ன பதில் சொன்னாங்கன்னு கேக்கல. மெதுவாப் பேசற பொண்ணு. அப்புறம் கதவு தெறந்துச்சு. அத்தை வந்தாங்க, கையில அந்த ரெண்டு பிளாஸ்டிக் பையும். நேரா சுகுகிட்டப் போய், சின்னப் பையால அவரு முதுகுல ஒண்ணு போட்டாங்க.

"மடையா. பையோடன்னா எந்தப் பைன்னு ஒரு வார்த்தை கேக்கத் தெரியாது உனக்கு?"

"என்னம்மா?"

அத்தை என் பக்கம் திரும்பினாங்க. பெரிய பையை என் கண்ணு முன்னாடி விரிச்சுப் புடிச்சாங்க.

"இதுடி. இந்த மாதிரி பிளாஸ்டிக் பை. வயித்துக்குள்ளயே ஒரு பையை விட்டு, கட்டியை அதுக்குள்ள போட்டு, சிந்தாம துண்டு துண்டா வெட்டி, பையோட ஓட்டை வழியா உருவிட்டாங்களாம். அந்தப் பையோட. இந்த முட்டாளுக்கு அது போதும், உக்காந்து அழ." மூச்சு வாங்கினாங்க. "உன் பை உனக்குள்ளதான் இருக்கு. முழுசா இருக்கு. தைச்சு வச்சிருக்காங்க."

எனக்குச் சிரிப்பா அழுகையான்னு தெரியல. நாலு ஓட்டையும் ஒண்ணா இழுத்துச்சு, தோள்ல வேற குத்துச்சு, ஆனா நிறுத்த முடியல. கட்டில் குலுங்குச்சு. சுகு இப்ப சந்தோஷத்துல அழுதாரு. அதே தண்ணிதான், ஆனா எனக்கு வித்தியாசம் தெரிஞ்சுது. பின்னாலயே சந்திரகலா கதவுல எட்டிப் பாத்து, "சாரி அண்ணே, நான் சரியாத்தான் சொன்னேன் லா"ன்னு முகத்தை ஒரு மாதிரி வச்சுக்கிட்டாங்க. பாவம், அவங்க சரியாத்தான் சொல்லியிருக்காங்க.

சாயங்காலம் டாக்டர் நிலோபர் வந்தாங்க. கட்டி வெண்ணெய் மாதிரி மஞ்சளா, உருண்டையா இருந்துச்சாம். ரத்தம் அதிகம் போகலயாம். லேப் ரிசல்ட் அடுத்த வாரம் வரும், பயப்பட ஒண்ணும் இருக்காதுன்னு நெனக்கிறேன்னாங்க. தையல் நல்லா ஆறட்டும், ஒரு வருஷம் பொறுத்துட்டுக் குழந்தைக்குப் பாருங்க, பிரசவம் மட்டும் ஆபரேஷனாத்தான் இருக்கும்னாங்க. அத்தை ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டிக் கேட்டாங்க. குழந்தைங்கிற சொல்லு வந்தப்ப மட்டும் டாக்டர் கையைப் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க.

டாக்டர் போனதும் சுகு டீ வாங்கக் கீழ போனாரு. அத்தை ஜன்னல் ஓரமா உக்காந்து, சேலை முந்தானையை முறுக்கிக்கிட்டே இருந்தாங்க.

"என்ன அத்தை?"

"வீடு திரும்பற வரைக்கும்னு நேர்ந்தேன். பாதியிலயே முறிச்சுட்டேன். அம்மன் என்ன நெனப்பாளோ."

"நீங்க வாயைத் திறந்ததாலதானே நல்ல சேதி வந்துச்சு. இல்லன்னா நான் இன்னும் அழுதுட்டு இருப்பேன்."

எனக்கு அப்ப ஒண்ணு தோணுச்சு. கேக்கலாமா வேணாமான்னு யோசிக்காமக் கேட்டுட்டேன்.

"அத்தை, உங்க வாய் பலிக்கும்னு நீங்களே சொல்றீங்க. அப்ப எனக்கு ஒண்ணு சொல்லுங்க."

புரிஞ்சுக்கிட்டாங்க. பட்டுன்னு தலையை ஆட்டினாங்க. "வேணாம்டி. இது நல்ல வாய் இல்ல. விளையாடாத."

"கெட்டது பலிச்சா நல்லதும் பலிக்கத்தானே வேணும்? ஆறு வருஷமா இதை நான் யார்கிட்டயும் கேட்டதில்ல அத்தை. உங்ககிட்ட கேக்கிறேன்."

முறுக்கிக்கிட்டு இருந்த முந்தானையை அத்தை விட்டாங்க. அப்புறம் எழுந்து போய்க் குழாயைத் திறந்து, மூணு தடவை வாய் கொப்பளிச்சாங்க. என் தட்டுல டீக்குன்னு வச்சிருந்த சீனிப் பாக்கெட்டைக் கிழிச்சு நாக்குல கொட்டிக்கிட்டாங்க. கிழக்குப் பக்கமாத் திரும்பி நின்னாங்க. தொண்டையைக் கனைச்சாங்க. எனக்கு ஒரு ஆளுக்கு மட்டும் கேக்கிற மாதிரி, அவ்வளவு மெதுவா அவங்க பேசி நான் கேட்டதே இல்ல.

"பொண்ணாப் பொறக்கும்டி."